பன்மொழி நாட்டில் ஆட்சிமொழி: மொழிபெயர்ப்புச் சுமை யாருக்குரியது?

ஆய்வுச் சுருக்கம்

பல மொழிகள் வழங்கும் நாட்டிற்கு ஆட்சிமொழி ஒன்று வேண்டுமா என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் ஒற்றுமை, பெரும்பான்மை, சிக்கனம் என்னும் மூன்று காரணங்களைக் கொண்டே விடை கூறப்படுகிறது. இந்திய அரசமைப்பின் பதினேழாம் பகுதி, அதனைத் தொடர்ந்த சட்டங்கள், விதிகள் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இம்மூன்று காரணங்களின் வலிமையும் இக்கட்டுரையில் மதிப்பிடப்படுகிறது. ஆட்சிமொழிச் சிக்கலின் மையம் மொழியின் பெருமையன்று. அரசும் குடிமகனும் சந்திக்கும் இடத்தில் மொழிபெயர்க்கும் சுமை யார்மீது விழுகிறது என்பதே என்ற கருத்து இங்கு நிறுவப்படுகிறது. இலங்கை, பாகிஸ்தான், இந்தோனேசியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பட்டறிவு ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்சிமொழி, அலுவல்மொழி, அரசமைப்பு, எட்டாவது அட்டவணை, மொழியுரிமை, மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

ஓர் அரசு மொழியின்றி இயங்க முடியாது. சமயச் சார்பற்ற அரசு எச்சமயத்தையும் ஏற்காமல் விலகி நிற்கலாம். ஆனால் எம்மொழியையும் ஏற்காமல் ஓர் அரசாணையை எழுத இயலாது. ஆகவே ஆட்சிமொழி வேண்டுமா, வேண்டாவா என வினவுவது ஓரளவு பொருளற்றது. சட்டம் ஒரு மொழியைப் பெயர் சுட்டி அறிவிக்காவிடினும் நடைமுறை ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2025 மார்ச் வரை நடுவணரசு மட்டத்தில் ஆட்சிமொழி என எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனினும் அங்கு ஆங்கிலமே அப்பணியைச் செய்துவந்தது. 2000ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று ஆங்கிலம் நன்கறியாதோர்க்கும் அரசுப் பணிகள் எட்டும்படி செய்யுமாறு நடுவண் நிறுவனங்களைப் பணித்தது. 2025இல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த ஆணை அந்தப் பழைய ஆணையை நீக்கியது. அலுவலகங்களில் எழுதப்படும் மொழி முன்பும் ஆங்கிலமே, பின்பும் ஆங்கிலமே. மாறியது, ஆங்கிலம் அறியாதவரை எட்டும் கடமை மட்டுமே. ஆட்சிமொழிச் சிக்கலை அணுகுவதற்குரிய திறவுகோல் இம்மாற்றத்தில் உள்ளது.

2. சொல்லும் பொருளும்

இக்கருத்தைக் குறிக்கத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் ‘ஆட்சிமொழி’, ‘அலுவல்மொழி’ ஆகியன பயில்கின்றன; இலங்கையில் ‘அரசகரும மொழி’ என்பதே சட்ட வழக்கு. இவை ஒருபொருட்பன்மொழியாகத் தோன்றினும் அவற்றின் பொருட்சாயல் வேறுவேறு. அலுவல்மொழி என்பது கோப்பில் எழுதப்படும் மொழியைச் சுட்டுகிறது. அரசகரும மொழி அரசின் செயல்கள் அனைத்தையும் தழுவுகிறது. ஆட்சிமொழியோ ஆளும் மொழி, ஆளப்படும் மொழி என்னும் பாகுபாட்டையும் உள்ளடக்கி நிற்கிறது. ‘தேசியமொழி’ இவற்றினின்று முற்றிலும் வேறானது. அது அடையாளத்தைக் குறிப்பது, அலுவலைக் குறிப்பதன்று.

விவாதங்களில் இவ்வேறுபாடுகள் பேணப்படுவதில்லை. இந்தி இந்தியாவின் தேசியமொழி என்னும் கூற்று மேடைகளிலும் பாடநூல்களிலும் தொடர்ந்து இடம்பெறுகிறது. அரசமைப்பில் தேசியமொழி என ஒரு மொழியும் அறிவிக்கப்படவில்லை. 343ஆம் உறுப்பு தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் அலுவல்மொழியாக மட்டுமே குறிக்கிறது. அலுவலுக்கென வழங்கப்பட்ட இடத்தை அடையாளத்திற்குரிய இடமாக விரித்துக்கொள்வதே ஒற்றுமைக் காரணத்தின் முதற்பிழை எனலாம்.

3. பதினேழாம் பகுதி: ஓர் உடன்பாட்டின் இயல்பு

அரசமைப்பு அவையில் மொழி பற்றிய விவாதம் 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடைபெற்றது. முன்ஷி – அய்யங்கார் திட்டம் எனப்படும் உடன்பாடு இறுதியில் ஏற்கப்பட்டது. அதன்படி இந்தி அலுவல்மொழியாகும். எண்கள் இந்திய எண்களின் பன்னாட்டு வடிவில் அமையும். ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும். அதன்பின்னும் ஆங்கிலம் தொடரச் சட்டமியற்றும் உரிமை நாடாளுமன்றத்திற்கு உண்டு. ஒரு பக்கத்தார்க்கு மொழியும், மறுபக்கத்தார்க்குக் காலமும் வழங்கப்பட்டன. பிளவைத் தவிர்த்தமையால் இவ்வுடன்பாடு வெற்றியே. எனினும் அது சிக்கலைத் தீர்க்கவில்லை. 1965 சனவரி 26 என்னும் நாளுக்குத் தள்ளிவைத்தது.

பதினேழாம் பகுதியை ஊன்றிப் படிப்போர்க்கு அதன் உறுப்புகள் வெவ்வேறு பணிகளைத் தனித்தனியே கையாள்வது புலனாகும். 345ஆம் உறுப்பு மாநிலங்களின் மொழித்தேர்வையும், 346ஆம் உறுப்பு அரசுகளுக்கிடையிலான கடிதப் போக்குவரத்தையும், 348ஆம் உறுப்பு நீதிமன்றத்தையும் சட்டப் பனுவலையும் பற்றியவை. 351ஆம் உறுப்பு இந்தியைப் பரப்பி வளர்க்கும் கடமையை ஒன்றியத்திற்கு விதிக்கிறது. குடிமகன் பெயரளவிலேனும் நேராக இடம்பெறும் உறுப்பு 350 ஆகும். குறைதீர்க்க வேண்டி ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையீடு அளிக்கலாம் என்கிறது அது. இவ்வுரிமை சிறப்புடையதே. ஆனால் முறையீட்டிற்கு எம்மொழியில் மறுமொழி தரவேண்டும் என்பது குறித்து அவ்வுறுப்பு ஏதும் கூறவில்லை.

இம்மௌனம் பின்னர் எவ்வாறு நிரப்பப்பட்டது என்பது கருதத்தக்கது. 1976ஆம் ஆண்டின் அலுவல்மொழி விதிகளுள் ஐந்தாம் விதி, இந்தியில் வரும் கடிதங்களுக்கு நடுவண் அலுவலகங்கள் இந்தியிலேயே மறுமொழி தரவேண்டும் என ஆணையிடுகிறது. தமிழிலோ வங்காளத்திலோ எழுதியவர்க்கு அத்தகைய விதி எதுவுமில்லை. எழுதும் உரிமை எல்லார்க்கும் உண்டு. எழுதிய மொழியிலேயே விடைபெறும் உரிமை ஒரு மொழியினர்க்கே உண்டு. இவ்விதிகள் தமிழ்நாட்டிற்குப் பொருந்தா என விலக்கப்பட்டிருப்பது போராட்டத்தின் பேறு. ஆயினும் அவ்விலக்கு இந்தி வருவதைத் தடுத்ததேயன்றித் தமிழில் மறுமொழி கிடைக்கும் வழியை அமைக்கவில்லை.

4. ஒரு வினைச்சொல்லின் வரலாறு

1955இல் பி. ஜி. கெர் தலைமையில் அமைக்கப்பட்ட அலுவல்மொழி ஆணையத்தின் அறிக்கையில் ப. சுப்பராயனும் சுநீதி குமார் சட்டர்ஜியும் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்தனர். ஒருவர் தமிழகத்தவர், மற்றவர் வங்க மொழியியலறிஞர். இந்தித் திணிப்பு குறித்த அச்சம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று. 1959இல் ஃபிராங்க் அந்தோணி ஆங்கிலத்தை எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரியபோது, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்னும் உறுதியைப் பிரதமர் நேரு மக்களவையில் அளித்தார். 1963ஆம் ஆண்டின் அலுவல்மொழிச் சட்டமோ, இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றே கூறியது. ‘படலாம்’ என்பது இசைவு. ‘படவேண்டும்’ என்பது கடமை. எதிர்ப்பு முழுவதும் இவ்விரண்டு வினைமுடிபுகளுக்கு இடைப்பட்ட வெளியைப் பற்றியதாக அமைந்தது.

இதனைச் சொற்பூசல் என்று ஒதுக்குவது பொருந்தாது. 1965 சனவரி, பிப்ரவரி மாதங்களில் தமிழகத்தில் மாணவர் எழுச்சி பெருகியது. துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். பிரதமர் சாஸ்திரி பிப்ரவரி 11 அன்று வானொலியில் உரையாற்றி முன்னைய உறுதிமொழியை மீண்டும் வலியுறுத்தினார். 1967ஆம் ஆண்டின் திருத்தமே அதனைச் சட்டமாக்கியது. இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானிக்கும்வரை, குறித்த பணிகளில் ஆங்கிலம் நீங்காது.

ஆட்சிமொழி ஒற்றுமையை வளர்க்கும் என்போர் இவ்வரலாற்றுக்கு விடை கூற வேண்டும். இந்திய ஒன்றியத்தில் மொழிப்பூசல் தணிந்தது, ஒற்றை அலுவல்மொழி நடைமுறைக்கு வந்ததனாலன்று. அது நடைமுறைக்கு வாராமல் நிறுத்தப்பட்டதனாலேயே. பாகிஸ்தானின் பட்டறிவு இதன் மறுபுறம். 1948இல் உருதுவே அரசுமொழி என டாக்காவில் ஜின்னா அறிவித்தார்; 1952 பிப்ரவரி 21 அன்று மாணவர்கள் சுடப்பட்டனர்; 1956ஆம் ஆண்டின் அரசமைப்பு வங்காளத்தையும் ஏற்றது. பிரிவினைக்கு மொழி மட்டுமே காரணம் என்பது மிகைக்கூற்று. ஆயினும் காலந்தாழ்ந்த ஏற்பு, புண்பட்ட நம்பிக்கையை மீட்கவில்லை என்பது 1971இல் தெளிவாயிற்று.

5. பெரும்பான்மை என்னும் கணக்கு

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 52.83 கோடி, அதாவது மக்கள்தொகையில் 43.63 விழுக்காடு. இவ்வெண் பாதியைத் தொடவில்லை என்பது ஒருபுறமிருக்க, அது எவ்வாறு திரட்டப்பட்டது என்பதே முதன்மையானது. இந்தித் தொகுதிக்குள் போஜ்புரி பேசும் 5.05 கோடி பேரும், இராஜஸ்தானி என்று பதிந்த 2.58 கோடி பேரும், சத்தீஸ்கரி பேசும் 1.62 கோடி பேரும், மகதி பேசும் 1.27 கோடி பேரும் பிறரும் அடக்கம். ‘இந்தி’ என்று பெயர் குறித்துச் சொன்னோர் 32.22 கோடி. இது நாட்டு மக்களுள் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்ட அளவே.

மைதிலியும் ஒருகாலத்தில் இந்தித் தொகுதியில் எண்ணப்பட்டதே. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றுத் தனிமொழியாயிற்று. மக்கள் பேசிய மொழி மாறவில்லை. அட்டவணை மாறியதால் கணக்கு மாறியது. ஆகவே பெரும்பான்மை என்பது ஆட்சிமொழித் தேர்வுக்கு முன்னரே அமைந்த இயற்கை உண்மையாகாது. அதில் ஒரு பகுதி அத்தேர்வின் விளைவே. போஜ்புரி பேசும் குழந்தை தன் வீட்டு மொழியில் பாடநூல் பெறாமலேயே ஆளும் மொழியினராக எண்ணப்படுகிறது. இந்தியின் மேலாண்மையால் இழப்பு தெற்கிற்கு மட்டும் நேர்ந்ததன்று.

எட்டாவது அட்டவணையும் இவ்வகை ஆய்வுக்கு உட்பட வேண்டியதே. 14 மொழிகளுடன் தொடங்கிய அது இன்று 22 மொழிகளைக் கொண்டுள்ளது. 2011ஆம் ஆண்டின் கணக்கில் 24,821 பேர் தாய்மொழியாகப் பதிந்த சமஸ்கிருதம் அதில் உண்டு. 1 கோடிக்கு மேற்பட்டோர் பேசும் பீலி இல்லை. 18 இலட்சத்திற்கு மேற்பட்டோர் பேசும் துளுவும் இல்லை. எண்ணிக்கையே அளவுகோல் எனில் இவ்வமைப்பை விளக்க முடியாது. எண்ணிக்கை வேண்டியபோது எடுத்துக்கொள்ளப்படுகிறது, வேண்டாதபோது விடப்படுகிறது.

6. சிக்கனம்: யாருடைய செலவு?

மூன்றாவது காரணமே வலிமை மிக்கது. எல்லா ஆவணங்களையும் எல்லா மொழிகளிலும் வெளியிடுவது செலவும் காலத்தாழ்வும் மிக்கது என்பது மெய். ஆனால் ஒரே மொழியில் வெளியிட்டால் அச்செலவு மறைவதில்லை. அரசின் கணக்கிலிருந்து குடிமக்களின் கணக்கிற்கு மாறுகிறது. விண்ணப்பத்தைப் படித்துச் சொல்ல ஓர் இடைத்தரகரை நாடுவோர் செலுத்தும் தொகை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறாது.

2020இல் நிகழ்ந்த ஒன்று இதனை விளக்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கான வரைவு அறிவிக்கை நடுவணரசால் வெளியிடப்பட்டுப் பொதுமக்களின் கருத்துக் கோரப்பட்டது. அவ்வறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியானது. சுரங்கமோ தொழிற்சாலையோ தம் நிலத்தருகே வருமெனில் கருத்துக்கூற முதல் உரிமையுடைய உழவரும் மீனவரும் பழங்குடியினரும் அதனைப் படிக்கும் நிலையில் இல்லை. எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2020 சூன் 30 அன்று ஆணையிட்டது. அரசு அதனை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை அணுகியது. அலுவல்மொழிச் சட்டம் இரு மொழிகளையே வேண்டுகிறது என்பது அதன் வாதம். சட்டநோக்கில் அவ்வாதத்திற்கு இடமுண்டு. அவ்வாறாயின் குறை வாதத்தில் இல்லை, சட்டத்தில் உள்ளது. கோப்பை நடத்துவதற்கென அமைந்த சட்டம், மக்களிடம் பேசுவதற்கும் அளவுகோலாக்கப்படுகிறது.

குடிமைப் பணித் தேர்விலும் இதே முரண் உண்டு. முதன்மைத் தேர்வின் பெரும்பாலான தாள்களை எட்டாவது அட்டவணை மொழிகளுள் ஒன்றில் எழுதலாம். மொழி இலக்கியத் தாள்கள் நீங்கலாக வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே அமையும். தமிழில் விடையெழுதுபவர் முதலில் வினாவைத் தமக்குத் தாமே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியில் எழுதுபவர்க்கு அச்சுமை இல்லை. ஒரே தேர்வில் ஒருவர்க்கு ஒரு பணியும் மற்றவர்க்கு இரு பணிகளும் தரப்படுகின்றன.

இயலாமை என்னும் காரணமும் இங்கு நிலைக்கவில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் இந்தி, ஆங்கிலத்துடன் 13 வட்டார மொழிகளிலும் நடத்தப்படுகிறது. நடுவணரசின் சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் மாநிலமொழிப் பெயர்ப்புகளை அம்மொழிகளில் அதிகாரம் பெற்ற பனுவல்களாக ஏற்கும் சட்டம் 1973ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வழி இருக்கிறது, அதனை எப்போதும் கடைப்பிடிக்கும் கடமைதான் விதிக்கப்படவில்லை.

7. பிற நாடுகள் உணர்த்துவன

இலங்கையின் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஏற்றது. சிங்களத் தேர்ச்சித் தேர்வை எழுதாமையால் ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட அரசு எழுத்தர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1969இல் ஊதியத்திற்காக வழக்காடும் அவரது உரிமை ஏற்கப்பட்டதேயன்றி, மொழிச்சட்டத்தின் செல்லுந்தன்மை முடிவு செய்யப்படாமலேயே நின்றது. ஒரு மொழிச்சட்டம் முதலில் தொடுவது இலக்கியத்தையன்று, எழுத்தரின் மாத ஊதியத்தை என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்புமொழியாக்கியது. எனினும் தமிழில் பணிபுரிய வல்ல அலுவலரும் மொழிபெயர்ப்பாளரும் போதிய அளவில் இல்லாத அலுவலகத்தில் அச்சட்டநிலை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இந்தோனேசியா வேறு வழியைத் தேர்ந்தது. மிகுதியானோர் பேசும் ஜாவா மொழியை விடுத்து, வணிகப் பொதுமொழியாக வழங்கிய மலாயின் வடிவத்தையே அது பொதுமொழியாக்கியது. பெரும்பான்மையினர் தம் மொழியை முன்னிறுத்தாமையால் எதிர்ப்பு குறைந்தது. ஆயினும் அங்குள்ள நூற்றுக்கணக்கான சிறுமொழிகளுள் பல இன்று தளர்ந்துவருகின்றன. பூசலின்மையே மொழிநலம் ஆகிவிடாது. சுவிட்சர்லாந்திலோ மக்கள்தொகையில் 1 விழுக்காட்டிற்கும் குறைந்தோர் பேசும் ரோமான்ஷ் 1938இல் தேசியமொழியாக ஏற்கப்பட்டது. அம்மொழியினரோடு கொள்ளும் தொடர்பில் அது கூட்டரசின் ஆட்சிமொழியும் ஆகும். கூட்டரசின் எல்லாக் கோப்புகளும் ரோமான்ஷில் எழுதப்படுவதில்லை. அம்மொழியினரிடம் பேசும்போது அரசு அவர்தம் மொழியில் பேசுகிறது. அலுவலக உள்மொழியையும் குடிமக்களை நோக்கிய மொழியையும் பிரித்தறியும் இம்முறையே இந்தியச் சூழலுக்கு மிகவும் பொருத்தமானது.

8. மறுபக்கத்தின் மீதான மதிப்பீடு

இந்தி எதிர்ப்பு நிலைப்பாடும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று. ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழியன்று, ஆதலால் நடுநிலையானது என்னும் வாதம் வட்டாரங்களுக்கிடையே பொருந்தும், வகுப்புகளுக்கிடையே பொருந்தாது. 2011ஆம் ஆண்டின் கணக்கில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2,59,678 பேர் மட்டுமே. ஆனால் ஆங்கிலக் கல்வியை விலைகொடுத்துப் பெற இயன்றோர்க்கும் இயலாதோர்க்கும் இடையிலான வேறுபாடு ஒவ்வொரு மாநிலத்திற்குள்ளும் உள்ளது. வங்கிப் படிவம் இந்தியில் இருப்பினும் ஆங்கிலத்தில் இருப்பினும், தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அது படிக்கவியலாத படிவமே. ஆங்கிலம் கேடயமாக இருந்தது, கேடயமே வீடாகிவிடாது.

மாநில ஆட்சிமொழிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தமிழ்நாடு 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டமியற்றியது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் ஏற்கப்படவில்லை. இராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு வழங்கப்பட்ட இசைவு தமிழுக்கு மறுக்கப்படுவது நிகராமைக்கு வெளிப்படையான சான்று. அதே நேரத்தில், தமிழ்நாட்டின் எல்லைகளுக்குள் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோர் வாழ்கின்றனர். நீலகிரியில் தோடரும் கோத்தரும் இருளரும் தத்தம் மொழிகளைப் பேசுகின்றனர். தில்லியை நோக்கித் தமிழர் எழுப்பும் வினாவைச் சென்னையை நோக்கி அவர்களும் எழுப்பலாம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற 350அ உறுப்பு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வகைசெய்கிறது. அக்கடமையை ஏற்கும்போதே மாநிலத்தின் மொழியுரிமைக் குரல் முழுவலிமை பெறும்.

9. முடிவுரை

பன்மொழி நாட்டிற்கு அலுவல்மொழி தவிர்க்கவியலாதது. அது ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதற்கோ, அதுவே நாட்டின் அடையாளம் என்பதற்கோ வலிய சான்றில்லை. ஒற்றுமைக் காரணத்தை வரலாறு மறுக்கிறது. பெரும்பான்மைக் காரணம் கணக்கெடுப்பின் வகைப்பாட்டைச் சார்ந்து நிற்கிறது. சிக்கனக் காரணம் செலவைக் குறைப்பதில்லை, அதனை இடம்மாற்றுகிறது.

ஆதலால் எம்மொழி ஆட்சிமொழி என்னும் வினாவினும், மொழிபெயர்க்கும் கடமை யாருக்குரியது என்னும் வினாவே அடிப்படையானது. அலுவலகத்தின் உள்ளே எழுதும் மொழியை வசதி கருதி வரையறுக்கலாம். குடிமகனுக்கு ஆணையிடும்போதும், அவனிடம் வரி கேட்கும்போதும், கருத்துக் கேட்கும்போதும், அவனைத் தேர்வு செய்யும்போதும், அவன்மீது தீர்ப்புக் கூறும்போதும் அச்சுமை அரசினுடையதாதல் வேண்டும். 350ஆம் உறுப்பு எம்மொழியிலும் முறையிடலாம் என்கிறது. முறையிட்ட மொழியிலேயே விடை தரப்படும் என்னும் ஒரு தொடர் அதனுடன் சேருமாயின், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் பூசலின் பெரும்பகுதி பொருளிழக்கும்.